பின் சீட்டில் இருந்தவர் செத்தால் பைசா கிடையாதா?

அந்தத் தாயை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரி பிணவறை வாசலில். அப்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. தலையில் அடித்துக் கொண்டு கதறி அழுதார்.

நாலு மாதம் கழித்து அதே தாயை கோர்ட்டு வராந்தாவில் பார்த்தேன். இப்போது அழவில்லை. கேள்வி கேட்டார்.

"தம்பி, என் புள்ள காரை ஓட்டல. பின்னாடி சீட்டுல குந்திக்கினு வந்தான். கார் இன்சூரன்சு இருக்குன்னு போலீசுலயே சொன்னாங்க. இப்ப வந்து, உன் புள்ளைக்கு மட்டும் கெடையாதுன்றாங்க. அவன் என்னா தப்பு பண்ணான்?"

நமக்குப் பதில் வரவில்லை. சட்டத்தைத் தெரிந்தவர்களிடம் கேட்டோம். தெரிந்ததை வாசகர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். ஏனென்றால் இந்தத் தாய்க்கு வந்தது நாளை யார் வீட்டுக்கும் வரலாம்.

நாலு நண்பர்கள்

நாலு நண்பர்கள் ஒரு பழைய காரில் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போனார்கள். திரும்பி வரும்போது பொழுது விடியும் நேரம். ஓட்டியவர் ஒரு நொடி கண் அயர்ந்தார். கார் நடுத் திட்டில் மோதி உருண்டது. பின் சீட்டில் இருந்த பெயிண்டர் அதே இடத்தில் பலி ஆனார். வயது 28. மனைவி, கைக்குழந்தை, வயதான தாய். வீட்டில் சம்பாதித்தது அவர் ஒருவர்தான்.

காரை ஓட்டியவர்தான் கார் சொந்தக்காரர். சின்னதாக ஒரு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கை எலும்பு முறிந்து பிழைத்துக் கொண்டார். காருக்கு இன்சூரன்சு இருந்தது. தேதியும் தாண்டவில்லை. ஆனால் அது வெறும் "தேர்டு பார்ட்டி" பாலிசி.

"ரெண்டுத்துக்கும் ஆயிரக்கணக்குல வித்தியாசம் சார். பழைய வண்டிதானே, இது போதும்னு ஏஜெண்டு சொன்னாரு. போலீசு கேட்டா காட்ட ஒரு பேப்பர் இருந்தா சரின்னு நானும் விட்டுட்டேன்" என்றார், தலையைக் குனிந்தபடி.

போலீசுக்குக் காட்ட வாங்கிய பேப்பர் நண்பனின் குடும்பத்துக்கு உதவவில்லை.

மூன்றாம் நபர் யார்?

தேர்டு பார்ட்டி என்றால் மூன்றாம் நபர். பாலிசி போட்டவர் ஒருவர், கம்பெனி ஒருவர். ரோட்டில் போகிறவர், எதிர் வண்டியில் வருகிறவர் எல்லாம் மூன்றாம் நபர். அவர்கள் செத்தாலோ காயம் பட்டாலோ கம்பெனி கொடுக்க வேண்டும். இது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டாயம். இந்த இன்சூரன்சு இல்லாமல் ஒரு வண்டியும் ரோட்டுக்கு வரக்கூடாது.

ஆனால் சொந்தக் காரில் சும்மா கூட வந்தவர்? மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தவர்? சட்டத்துக்காகப் போடும் வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் அவர்கள் வரமாட்டார்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புகள் இருக்கின்றன. பின் சீட்டுக்காரர் பற்றி 2006-லேயே சொல்லி விட்டார்கள்.

இன்னொன்றையும் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. முழு பாலிசி, அதாவது "பேக்கேஜ்" பாலிசி இருந்தால் காருக்குள் இருந்தவர்களுக்கும் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். ஜனங்கள் இதை "பர்ஸ்ட் பார்ட்டி" என்றும் "ஃபுல் இன்சூரன்சு" என்றும் சொல்கிறார்கள்.

அதே காரில், அதே விபத்தில், ரோட்டோரம் நின்ற ஒருவர் செத்திருந்தால் கம்பெனி கொடுத்திருக்கும். உள்ளே இருந்தவர் செத்ததால் கையை விரிக்கிறது.

ரூ.28 லட்சம் கணக்கு

சரி, எவ்வளவு போனது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நஷ்டஈடு எப்படிக் கணக்குப் போடுவது என்று 2009-லும் 2017-லும் சுப்ரீம் கோர்ட்டு வழி காட்டி இருக்கிறது.

மாதம் ரூ.15 ஆயிரம் சம்பாதித்தவர் என்று வைத்துக் கொள்வோம். 40 வயதுக்குக் கீழ் இருக்கிற சுயதொழில்காரருக்கு எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். அப்போது மாதம் ரூ.21 ஆயிரம். வருடத்துக்கு ரூ.2 லட்சத்து 52 ஆயிரம். அவருடைய சொந்தச் செலவுக்கு என்று மூன்றில் ஒரு பங்கு கழித்தால் மிச்சம் ரூ.1 லட்சத்து 68 ஆயிரம். 28 வயதுக்கு 17-ஆல் பெருக்க வேண்டும்.

வருவது ரூ.28 லட்சத்து 56 ஆயிரம். ஈமச்சடங்குச் செலவு, மனைவி கணவனை இழந்ததற்கு என்று தனியாக வேறு உண்டு.

இந்தப் பணத்தைக் கம்பெனி கட்ட வேண்டாம் என்றால் யார் கட்டுவது? கார் சொந்தக்காரர்! செல்போன் ரிப்பேர் கடைக்காரர் ரூ.28 லட்சத்துக்கு எங்கே போவார்? கடையை விற்றாலும் வராது. காரை விற்றால் பழைய இரும்பு விலைதான்.

அந்த வீட்டில் சாவு. இந்த வீட்டில் கடன். இரண்டு பேரும் ஒரே தெருவில் விளையாடி வளர்ந்த நண்பர்கள்!

காரே பரவாயில்லை!

மோட்டார் சைக்கிள் கதை இதைவிட மோசம். 2018-ம் வருடம் செப்டம்பர் 1-ந் தேதியில் இருந்து புது வண்டி வாங்கும்போதே காருக்கு 3 வருடம், இருசக்கர வண்டிக்கு 5 வருடம் தேர்டு பார்ட்டி இன்சூரன்சு கட்டாயம். ஷோரூமில் கட்டி விடுகிறார்கள். கெடு முடிந்த பிறகு எத்தனை பேர் புதுப்பிக்கிறார்கள்? பழைய வண்டி நிற்கிற எந்த ஸ்டாண்டிலும் போய்க் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிடுச்சி" என்பார்கள்.

2022-ம் வருடம் ஜூன் 1-ந் தேதி வந்த கட்டணப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை உள்ள இருசக்கர வண்டிக்கு ஒரு வருட தேர்டு பார்ட்டி பிரிமியம் ரூ.714. நாள் ஒன்றுக்கு 2 ரூபாய்க்குக் கீழே. அதைக் கட்டாமல் ஒருவர் மேல் மோதி விட்டால் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும்.

அதே கட்டணப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு ரூ.3,416. இன்சூரன்சு இல்லாமல் ஓட்டி முதல் தடவை பிடிபட்டால் சட்டத்தில் உள்ள அபராதம் ரூ.2 ஆயிரம். 3 மாதம் ஜெயில் என்றும் இருக்கிறது. ஆனால் ஜெயிலுக்குப் போனவரை நாம் பார்த்தது இல்லை. பிரிமியத்தை விட அபராதம் மலிவாக இருந்தால் ஜனங்கள் எதைக் கட்டுவார்கள்?

எங்கெங்கே குறையும்?

பாலிசி இருந்தும் பணம் குறைகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தெரிந்து கொள்ளுங்கள்.

உயிர்ச் சேதத்துக்கும் காயத்துக்கும் சொந்தக் கார் பாலிசியில் தொகை வரம்பு இல்லை. ஆனால் அடுத்தவர் பொருள் சேதத்துக்கு வரம்பு உண்டு. காருக்கு வழக்கமாக ரூ.7½ லட்சம். இருசக்கர வண்டிக்கு ரூ.1 லட்சம். விலை உயர்ந்த வெளிநாட்டுக் காரின் முகத்தில் மோட்டார் சைக்கிளை விட்டால், லட்சத்துக்கு மேல் போவதெல்லாம் ஓட்டியவர் தலையில்தான். பிரிமியத்தில் கொஞ்சம் குறையும் என்று இந்த வரம்பை வெறும் ரூ.6 ஆயிரமாகக் குறைத்துக் கொள்கிறவர்களும் உண்டு. பாலிசியில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

சொந்தக் காரின் ரிப்பேர் செலவும் முழுதாக வராது. ரப்பர், பிளாஸ்டிக் சாமானுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். அதனால்தான் பம்பர் உடைந்தால் பில்லில் பாதி உங்கள் பையில் இருந்து போகிறது. "பம்பர் டு பம்பர்" என்று கூடுதலாகப் பணம் கட்டிப் போட்டவருக்குத்தான் இந்தக் கழிவு இல்லை.

லைசென்சு இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்தாலும் ஆபத்து. அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்து விட்டு, பிறகு அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் வசூல் பண்ணலாம் என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது. அடிபட்டவருக்கு அது நல்லது. பிள்ளை கையில் காரைக் கொடுத்த அப்பாவுக்குப் பாடம். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவர்களும் இதே வம்பில் மாட்டுவார்கள்.

வண்டியை ஓட்டும் சொந்தக்காரரே செத்தால்? அவருக்கு என்று தனி விபத்து இன்சூரன்சு ரூ.15 லட்சம் 2018-ல் இருந்து உண்டு. அதற்குத் தனியாகப் பணம் கட்டி இருக்க வேண்டும். லைசென்சும் இருக்க வேண்டும்.

விற்ற வண்டியும் விடாது

இன்னொரு கொடுமையைக் கேளுங்கள். வண்டியை விற்று விடுகிறார்கள். பணத்தை வாங்கிப் பையில் போட்டுக் கொள்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றுவது கிடையாது. "வாங்கினவர் மாத்திக்குவார்" என்று விட்டு விடுகிறார்கள்.

வாங்கியவர் இன்சூரன்சு கட்டாமல் ஓட்டி ஆளை அடித்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு இது. கார் கைமாறி எத்தனை பேர் ஓட்டி இருந்தாலும் சரி. கண்ணால் பார்க்காத விபத்துக்கு வீட்டு வாசலில் சம்மன் வந்து நிற்கும்.

ரோட்டில் பேரம் வேண்டாம்

சரி, விபத்து நடந்து விட்டது. என்ன செய்வது?

முதலில் உயிர். அடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள். கையில் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" என்று தமிழக அரசு 2021 டிசம்பரில் கொண்டு வந்த திட்டத்தில், சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. விபத்து நடந்த நாளில் இருந்து 7 நாளுக்கு ரூ.1½ லட்சம் வரை பணம் கட்டாமல் வைத்தியம். மோதிய வண்டிக்கு இன்சூரன்சு இருக்கிறதா என்று இதற்குப் பார்த்துக் கொண்டிருக்கத் தேவை இல்லை.

ஆஸ்பத்திரியில் "ரோடு விபத்து" என்று ஏ.ஆர். பதிவு செய்யச் சொல்லுங்கள். "தடுக்கி விழுந்தான்னு எழுதிக்கலாம், கேசு வேணாம்" என்று யாராவது காதில் ஓதுவார்கள். கேட்காதீர்கள். நாளைக்குக் கோர்ட்டில் அந்த ஒரு வரி உங்கள் வழக்கையே கவிழ்த்து விடும்.

அடுத்து ரோட்டோர பேரம். "இந்தாங்க 10 ஆயிரம், ஆஸ்பத்திரி செலவுக்கு வச்சுக்குங்க, போலீசு எதுக்கு?" என்பார்கள். எலும்பு முறிவுக்கு ஆபரேஷன், ஆறு மாதம் படுக்கை என்றால் அந்த 10 ஆயிரம் எந்த மூலைக்கு? எப்.ஐ.ஆர். இல்லாமல் பின்னால் விபத்தை நிரூபிப்பது பெரும்பாடு.

வண்டி நம்பர் இருந்தால் போதும். "எம்பரிவாகன்" செயலியில் போட்டால் இன்சூரன்சு எந்தத் தேதி வரை என்று காட்டும். அதை அன்றைக்கே பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

வழக்கு போட 2022 ஏப்ரல் 1 முதல் 6 மாதம்தான் கெடு. இந்தக் கெடுவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதை நம்பி சும்மா இருந்து விடாதீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பது இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். சென்னையில் என்றால் ஐகோர்ட்டு வளாகத்தில் உள்ள சிறுவழக்குகள் கோர்ட்டு.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஏழைகளுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணினால் வழி சொல்வார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. யார் மேல் தப்பு என்று பார்க்காமலே சாவுக்கு ரூ.5 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.2½ லட்சம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அதை ஒப்புக் கொண்டு கை நீட்டி வாங்கினால் பெரிய வழக்கு போய் விடும். ரூ.28 லட்சம் வர வேண்டிய இடத்தில் 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடும் முன், விஷயம் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள்.

இன்சூரன்சு இல்லை என்பதற்காக வழக்கே போடாமல் விடுவது தப்பு. சொந்தக்காரர் கட்ட வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்பு சொன்னால், கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூல் பண்ண சட்டம் இருக்கிறது. வீடு, மனை, வண்டி எது இருந்தாலும் அதன் மேல் கை வைக்கலாம்.

போலீசார் கவனிக்க

இதில் போலீசாருக்கும் பெரிய பங்கு இருக்கிறது. 2022-ல் வந்த விதிப்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையை நஷ்டஈட்டுக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். 90 நாளில் முழு அறிக்கை. அடிபட்ட குடும்பத்துக்கு அவர்களுடைய உரிமை என்ன என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். போலீசு அனுப்பும் அறிக்கையையே கோர்ட்டு மனுவாக எடுத்துக் கொள்ளலாம்.

கோர்ட்டு வராந்தாவில் நின்ற அந்தத் தாயிடம் கேட்டோம். அப்படி ஒரு காகிதத்தை அவர் கண்ணால் பார்த்தது இல்லை.

இன்சூரன்சு இல்லாத வண்டி ஆளை அடித்தால், தகுந்த ஜாமீன் கட்டாமல் வண்டியை விடக்கூடாது. கட்டவில்லை என்றால் ஏலம் போட்டு, பணத்தை நஷ்டஈட்டுக் கோர்ட்டில் கட்ட வேண்டும். எல்லா மாநிலமும் இதற்கு விதி செய்ய வேண்டும் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் போலீசு ஸ்டேஷன் வாசலில் விபத்து வண்டிகள் துருப்பிடித்து, செடி முளைத்து நிற்கின்றன. அவை இரும்பாக மாறும் முன்பே ஏலம் போட்டிருந்தால் ஒரு குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளமாவது ஆகியிருக்கும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

முட்டி மோதி விட்டு வண்டி தெரியாமல் ஓடிப் போனால், சாவுக்கு ரூ.2 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.50 ஆயிரம் அரசு நிதியில் இருந்து உண்டு. குறைவுதான். ஆனாலும் ஒரு கை கொடுக்கிறது. வண்டி தெரிகிறது, சொந்தக்காரர் தெரிகிறார், ஆனால் இன்சூரன்சு இல்லை, அவரிடம் பணமும் இல்லை என்றால்? அந்தக் குடும்பம் தீர்ப்புக் காகிதத்தை வைத்துக் கொண்டு அலைய வேண்டியதுதான். ஓடிப் போனவன் மோதினால் அரசு கொடுக்கும், நின்றவன் மோதினால் கிடையாது என்றால் இது என்ன நியாயம்?

இங்கிலாந்தில் 1946-லேயே இதற்கு வழி கண்டார்கள். வண்டி இன்சூரன்சு கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது அமைப்பு வைத்தன. இன்சூரன்சு இல்லாத வண்டி மோதினால் அந்த அமைப்பு நஷ்டஈடு கொடுக்கிறது. பிறகு வண்டிக்காரரிடம் அது வசூல் பண்ணிக் கொள்கிறது. அடிபட்டவன் அலைய வேண்டாம். நம் நாட்டிலும் ஒவ்வொரு பிரிமியத்திலும் சில ரூபாய் சேர்த்து இப்படிச் செய்தால் யார் குடியும் முழுகாது.

இரண்டாவது, சொந்தக் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் கூட வருகிறவரையும் கட்டாய இன்சூரன்சுக்குள் சேர்க்க வேண்டும். வண்டியில் சீட்டு வைத்து விற்கிறார்கள். அந்த சீட்டில் உட்காருகிறவர் மனிதர் இல்லையா?

மூன்றாவது, பாலிசியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், தமிழில் எழுத வேண்டும்: "இந்தப் பாலிசியில் வண்டிக்குள் இருப்பவர்களுக்குப் பணம் கிடைக்காது" என்று. ஏஜெண்டுகள் அதைப் படித்துக் காட்டி விட்டுத்தான் பணம் வாங்க வேண்டும். அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் செல்போன் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் பணம் கூட்டிப் போட்டிருப்பார்.

வாசகர்களே, சர்க்கார் செய்யும்போது செய்யட்டும். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து உங்கள் வண்டி பாலிசியை எடுங்கள். தேதி தாண்டி விட்டதா? தேர்டு பார்ட்டி மட்டுமா, முழு பாலிசியா? பொருள் சேதத்துக்கு எவ்வளவு? உங்களுக்கு ரூ.15 லட்சம் போட்டிருக்கிறதா? இந்த நாலையும் பாருங்கள். புரியவில்லை என்றால் ஏஜெண்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்: "என் பொண்டாட்டி புள்ளைங்க இந்த வண்டியில வராங்க. அவங்களுக்கு இதுல இருக்கா, இல்லையா?"

"இல்லை" என்று பதில் வந்தால், நாளைக்கே பணத்தைக் கட்டி மாற்றுங்கள். அந்தத் தாய்க்கு அடுத்த வாய்தா வருகிற மாதம்.